துறையும் கடைத்தெருவும்: கண்டியும் அதனைச் சூழ்ந்த பட்டினங்களும்

காவிரிப்பூம்பட்டினத்தின் அமைப்பைச் சிலப்பதிகாரத்திற் பயின்றோர் நன்கறிவர். கடலை அடுத்து மருவூர்ப்பாக்கம் இருந்தது. மன்னரும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம் உள்ளே இருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, மரச்சோலையின் நிழலில், நாளங்காடி விளங்கிற்று. பல தொழிலினரும் பல நாட்டினரும் வாழ்ந்த அவ்விரு பாக்கங்களையும் ஒன்றாகப் பிணைத்தது அரசனின் கோட்டை அன்று, கடைத்தெருவே. ஒரு நகரத்தின் உயிர்நிலை அதன் மதிலில் இல்லை, மக்கள் கூடும் நடுவிடத்திலேயே உள்ளது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

கண்டி மக்களாகிய நாம் இவ்வுண்மையை நினைக்க வேண்டிய காலம் இது. நகரைப் புதுப்பித்தல் என்னும் சொல் இன்று எங்கும் ஒலிக்கிறது. ஆனால் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் தோன்றுவன தலதா மாளிகையும், வாவியும், அவற்றை அடுத்த சில வீதிகளுமே. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை, கடுகண்ணாவை, வத்தேகம, குண்டசாலை, திகன, தெல்தெனிய ஆகிய சூழ்நகரங்களைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. நடுநகரும் சூழ்நகரங்களும் ஓருடலின் உறுப்புகள். ஒன்று வீங்க மற்றவை மெலிந்தால், அதனை நோய் என்று சொல்லலாமேயன்றி வளர்ச்சி என்று சொல்லலாகாது. இப்பட்டினங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு தளர்ந்தன, எவ்வாறு மீண்டும் தழைக்கக்கூடும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடவைகளும் துறைகளும்

கண்டியின் அயல் என்று நாம் இன்று கருதும் இடங்களுட் சில, கண்டியினும் பழமை வாய்ந்தவை. 14 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டின் அரசிருக்கை கம்பளையில் இருந்தது. 1344 ஆம் ஆண்டில் எழுந்த கடலாதெனிய விகாரையைச் சமைத்தவன் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி. அதே காலத்து இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். இரு மொழியாரும் படித்தறிய வேண்டும் என்று கருதியே அன்று எழுதினர் போலும்.

அந்நூற்றாண்டிலேயே மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் செங்கடகல என்னும் பெயருடன் கண்டி தோன்றிற்று. 1592 இல் முதலாம் விமலதர்மசூரியன் ஆட்சியில் அது தலைநகராக உறுதி பெற்றது. சிங்கள மக்கள் இதனை 'மகா நுவர' என்பர். மலைமேலுள்ள நாடு எனப் பொருள்படும் 'கந்த உட ரட்ட' என்னும் சொற்றொடரைப் போர்த்துக்கேயர் சுருக்கி வழங்கியதே கண்டி என்னும் பெயராயிற்று.

இந்நகருக்கு இயற்கை அளித்த அகழி மகாவலி கங்கை. மூன்று பக்கங்களில் ஆறு வளைந்தோட, தெற்கே அந்தானை மலை மதில்போல் நிற்கிறது. மன்னர்கள் ஆற்றுக்குப் பாலம் கட்டவில்லை. அகன்ற பாதையும் வெட்டவில்லை. எதிரிக்கு வழி விடலாகாது என்பதே காரணம். முட்கதவு இட்ட காவல் வாயில்கள் நகருக்குச் செல்லும் வழிகளில் இருந்தன. இவற்றைச் சிங்களத்திற் 'கடவத்த' என்பர். கண்டியைச் சூழ்ந்த பகுதிக்கு இன்றும் வழங்கும் 'கடவத் சதர' என்னும் பெயர், அந்த நான்கு காவல் வாயில்களின் நினைவே.

ஆற்றைக் கடக்க உதவியவை துறைகள். கன்னொறுவை, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, வட்டபுளுவ, லேவல்ல என்பன அவற்றுட் சில. 1638 இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை முறியடித்தது கன்னொறுவையில். 1803 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மேஜர் டேவி என்பவனின் ஆங்கிலப் படை நகரை விட்டு நீங்கி வட்டபுளுவத் துறையை அடைந்தபோது, ஆறு பெருக்கெடுத்து ஓடியது. கடக்க வழியின்றி நின்ற அப்படை அங்கேயே அழிந்தது. ஆங்கிலேயர் அரசனாக்கக் கருதிய முத்துசாமி என்னும் இளவரசனும் அத்துறையிற் பிடிபட்டு உயிரிழந்தான்.

போர்க்காலத்தில் துறை காவலிடம். அமைதிக் காலத்தில் அதுவே சந்தை. ஓடத்துக்குக் காத்திருப்போர் இருப்பர். பொதிமாடுகளை இறக்கி இளைப்பாற்றுவோர் இருப்பர். உப்பும் கருவாடும் துணியும் கொண்டு மேலேறுவோரும், பாக்கும் மிளகும் கொண்டு கீழிறங்குவோரும் சந்திப்பர். மனிதர் காத்திருக்கும் இடத்திற் கடை முளைக்கும். நம் சூழ்நகரங்கள் பலவற்றின் விதை இதுவே.

நகரின் நடுவிடத்தை அழகுபடுத்தும் பெருமுயற்சி ஒன்றும் மன்னர் காலத்திலேயே நிகழ்ந்தது. மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குடியினர் 1739 முதல் 1815 வரை இங்கே அரசாண்டனர். அவர்தம் உறவினர் வாழ்ந்த தெருவே பின்னர் மலபார் வீதி எனப் பெயர் பெற்றது. அக்குடியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், தேவேந்திர மூலாச்சாரி என்னும் பெருஞ்சிற்பியைக் கொண்டு எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தான்; வயல்வெளியாய்க் கிடந்த தாழ்நிலத்தை வாவியாக்கினான். இன்று உலகம் வியக்கும் அழகு அது. ஆனால் அதற்காக மக்களிடம் வாங்கப்பட்ட ஊதியமற்ற இராஜகாரிய உழைப்பு, அவன்மீது மூண்ட வெறுப்புக்கு ஒரு காரணமாயிற்று என வரலாற்றாசிரியர் கூறுவர். 1815 மார்ச் 2 ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே மறைந்தான். வாவி நிலைத்தது, வெட்டுவித்தவன் நிலைக்கவில்லை. மக்களின் மனம் ஒப்பாத நகர்ப்பணி எத்துணை அழகியதாயினும் அதன் அடித்தளம் உறுதியற்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பாதையும் புகையிரதமும்

ஆங்கிலேயர் செய்த முதற் காரியம், மன்னர் மூடி வைத்த வழிகளைத் திறந்ததே. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெரும்பாதை வெட்டப்பட்டது. அதனை அமைத்த கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவைக் கணவாயில் எழுந்த கோபுரம் 1832 ஆம் ஆண்டுக்குரியது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் அமைந்தது. எதிரி வராதிருக்கக் காவல் வைத்த துறை, வண்டிகள் இடையறாது செல்லும் வாயிலாயிற்று.

பாதையின் பின்னே கோப்பி வந்தது. கோப்பியின் பின்னே நம்மவர் வந்தனர். 1820களில் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் தோட்டம் தொடங்கினார். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் மன்னாரிற் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை எனக் கால்நடையாய் வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவ்வாறு பிழைத்து வந்தோர் கண்டியை அடைய மாத்தளைப் பாதையிற் கடந்த துறை கட்டுகஸ்தோட்டை. நம் குடும்பங்களுட் பலவற்றின் மலைநாட்டு வரலாறு அத்துறையைக் கடந்தபின்னரே தொடங்குகிறது எனல் மிகையாகாது.

1865 இல் கண்டிக்கு மாநகர சபை ஏற்பட்டது. 1867 இல் புகையிரதம் கண்டியை எட்டியது. 1874 இல் நாவலப்பிட்டியையும், 1880 இல் மாத்தளையையும் அடைந்தது. அதே 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளிற் கோப்பியை இலைநோய் பற்றிற்று. பின்னர் மலைகள் தேயிலையாற் பசுமை பூண்டன. புகையிரத நிலையம் அமைந்த இடங்களில் அரிசிக் கடை, புடைவைக் கடை, அடகுக் கடை, வட்டிக் கடை எழுந்தன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் முஸ்லிம் வணிகரும் சிங்கள முதலாளிகளும் அடுத்தடுத்து இருந்து வாணிகம் செய்தனர். சம்பள நாள் கழிந்ததும் தோட்டத்து மக்கள் மலையிலிருந்து இறங்குவர்; கம்பளையும் நாவலப்பிட்டியும் வத்தேகமவும் அன்று திருவிழாக் கோலம் கொள்ளும்.

ஆனால் இருப்புப்பாதை வாழ்வித்த இடங்கள் உள்ளன. அதனால் வாழ்விழந்தோரும் உள்ளனர். மாட்டுவண்டியை நம்பிப் பெரும்பாதையோரம் இருந்த தங்குமிடங்களும் தீனிக் கடைகளும் புகைவண்டியின் வரவால் ஆதாயம் இழந்தன. பிற்காலத்தில் பஸ்ஸும் லொறியும் பெருகியபோது புகையிரத நிலையத்தை நம்பிய கடைத்தெருக்கள் தளர்ந்தன. இதிலிருந்து நாம் பெறும் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பட்டினமும் ஒரு காரணத்தாற் பிறக்கிறது. அக்காரணம் நீங்கினால் பட்டினம் வாடுகிறது. அதனை மீண்டும் தழைப்பிக்க வேண்டின், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போதாது. மக்கள் அங்கே வருவதற்குப் புதிய காரணம் வேண்டும்.

இவ்விதிக்குப் பேராதனை நல்ல எடுத்துக்காட்டு. பாலமும் 1821 இல் அமைந்த பூங்காவும் கொண்டு புகழுற்றிருந்த அவ்வூருக்கு 1952 இல் பல்கலைக்கழகம் வந்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டி மாணவரும் ஆசிரியரும், பின்னர் 1980 இல் போதனா வைத்தியசாலையும் வர, பேராதனை கண்டியின் வால் என்னும் நிலை நீங்கித் தனக்கென ஒரு வாழ்வு பெற்றது. சிறிய அளவில் கடுகண்ணாவையும் அவ்வாறே. மலையேற்றத்துக்குப் பெயர்பெற்ற அப்புகையிரதப் பட்டினத்தில் 2014 இன் இறுதியிற் புகையிரத அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களைக் காணக் குழந்தைகளோடு வருவோர் இன்று அங்கே இறங்குகின்றனர்.

நீருள் மறைந்த கடைத்தெரு

ஒரு பட்டினத்தை முற்றாக இடம்பெயர்த்துப் புதிதாக அமைத்த வரலாறும் நம் அயலில் உண்டு. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்படி 1976 இல் பொல்கொல்லையில் ஆறு திருப்பப்பட்டது. 1985 இல் 122 மீற்றர் உயரமும் 210 மெகாவாட் மின்னாற்றலும் உடைய விக்டோரியா அணை தொழிற்படத் தொடங்கியது. அணையின் பின்னே தேங்கிய நீரிற் பழைய தெல்தெனியப் பட்டினம் மூழ்கிற்று. மேட்டிலே புதிய தெல்தெனிய கட்டப்பட்டது. அணை வேலைக்கு வந்த அந்நியர் தங்குவதற்கென வீடுகள் எழுந்த திகனவும் பெரிய ஊராயிற்று.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் வெயில் முறுகி நீர் வற்றும் ஆண்டுகளில், பழைய பட்டினத்தின் சுவர்களும் படிக்கட்டுகளும் சேற்றிலிருந்து வெளிப்படும்போது, அங்கே பிறந்து வளர்ந்தோர் கரையில் நின்று பார்க்கின்றனர். இது நம் கடை, அது நம் பள்ளி என்று பேரப்பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுகின்றனர். புதிய பட்டினத்தில் நேரான வீதி உண்டு, பொலிஸ் நிலையம் உண்டு, வைத்தியசாலை உண்டு. அடுத்த கடைக்காரரிடம் கடன்சொல்லி அரிசி வாங்கிய பழக்கத்தை எந்தப் பொறியியலாளராலும் வரைபடத்தில் இட முடியாது. கட்டிடத்தைப் பெயர்த்தல் எளிது. உறவைப் பெயர்த்தல் அரிது.

நடுநகரின் நெருக்கம்

இனி, கண்டி நகரின் நடுவிடத்தை நோக்குவோம். 1988 இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இப்புனித நகரை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. பத்தாண்டுகள் சென்று, 1998 ஜனவரி 25 ஆம் நாள் தலதா மாளிகை வாயிலில் குண்டு வெடித்து உயிர்கள் மாண்டன. மாளிகையின் முகப்பு சிதைந்தது. அதன்பின் மாளிகை முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. வழிபாட்டிடத்துக்கு அதனால் அமைதி கிடைத்தது. ஆனால் நகரூடு செல்லும் வாகனங்கள் யாவும் வாவியைச் சுற்றியும் எஞ்சிய குறுகிய தெருக்கள் வழியாகவும் திரும்பின. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இப்பள்ளத்தாக்கில் புகை எளிதில் வெளியேறுவதில்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்வோர் ஏறக்குறைய ஒரு இலட்சம். மாவட்டத்திலோ 13 இலட்சத்துக்கு மேல். நல்ல பாடசாலையும், பெரிய வைத்தியசாலையும், வங்கியும், கந்தோரும் ஒரே இடத்தில் இருப்பதால், ஒவ்வொரு காலையும் மாவட்டமே கண்டிக்குள் இறங்குகிறது. மாலையில் ஏறிச் செல்கிறது. வாங்க வேண்டிய பொருளையும் அங்கேயே வாங்கிக்கொள்வதால் கட்டுகஸ்தோட்டையின் கடைக்கும் குண்டசாலையின் கடைக்கும் எஞ்சுவது பாணும் பருப்புமே.

இந்நெருக்கத்தை உணர்ந்த அரசினர் சில முயற்சிகள் செய்யாமலில்லை. 1876 முதல் நகர நடுவில் இருந்த பொகம்பரைச் சிறைச்சாலை 2014 இன் தொடக்கத்தில் மூடப்பட்டு, கைதிகள் பள்ளேகலைக்கு மாற்றப்பட்டனர். மாகாண அலுவலகங்களும், கைத்தொழிற் பேட்டையும், 2010 இல் முதல் டெஸ்ட் போட்டி கண்ட கிரிக்கெட் அரங்கும் பள்ளேகலைப் பக்கத்தில் அமைந்தன. 2014 இல் உலக வங்கியின் கடனுதவியோடு கண்டி, காலி நகர்களுக்கான அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. குட்செட் பஸ் நிலையம் இருந்த இடத்திற் பஸ்ஸையும் புகையிரதத்தையும் இணைக்கும் பெரிய நிலையத்துக்கான வேலையும் பின்னர் மேற்கொள்ளப்பட்டது. இவை நல்லவையே. எனினும் அலுவலகத்தை மட்டும் அயலூருக்கு அனுப்பினால் அங்கே பட்டினம் உண்டாகாது. மாலை நான்கரை மணிக்குக் கதவு மூடியதும் அவ்விடம் வெறிச்சோடிவிடும். கடையும், வாசிகசாலையும், விளையாட்டிடமும், சந்தையும், வழிபாட்டிடமும் கூடி அமைந்தாலன்றோ அது பட்டினம்?

மேலை நாட்டாரும் இச்சிக்கலை எதிர்நோக்கியவரே. ஆங்கில அறிஞர் எபனீசர் ஹவார்ட் 1898 இல் வெளியிட்ட நூலில், பெருநகரை மேலும் மேலும் பெருக்காது, அதனைச் சூழச் சிறு நகரங்களை அமைத்து, இடையே பசுமை நிலம் விட்டு, இருப்புப்பாதையால் அவற்றை இணைக்கலாம் என்று எழுதினார். அவர் தாளில் வரைந்ததை இயற்கையும் வரலாறும் நமக்கு நிலத்திலேயே வரைந்து தந்துள்ளன. நடுவே கண்டி, சூழப் பேராதனை, கம்பளை, கடுகண்ணாவை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, இவற்றை இணைத்து 19 ஆம் நூற்றாண்டிலேயே இட்ட இருப்புப்பாதை. இருப்பதைப் பேணிப் பயன்படுத்தினாலே பாதி நெருக்கம் தீரும்.

தீயும் கடைத்தெருவும்

வரலாறு எழுதுவோன் இன்பமானவற்றை மட்டும் எடுத்துக்கூறி ஒதுங்குதல் தகாது. நம் கடைத்தெருக்கள் எரிந்த நாட்களையும் சொல்ல வேண்டும். 1912 இற் கம்பளைப் பெரகரா ஊர்வலம் பற்றி எழுந்த வழக்கின் கசப்பு, 1915 மே மாத இறுதியில் வெசாக் இரவிற் கண்டியிற் கலகமாக வெடித்து நாடெங்கும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகள் அழிந்தன. 1983 ஆடியில் கண்டியிலும் மாத்தளையிலும் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் மூண்ட வன்செயலில் மீண்டும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

மூன்று முறையும் தீ தேடிச் சென்றது கடைத்தெருவையே. ஏன்? வெவ்வேறு இனத்தார் நாள்தோறும் முகம் பார்த்துக் கொடுக்கவும் வாங்கவும் செய்யும் இடம் அதுவே. அவ்விடத்தை எரித்தால் உறவை எரிக்கலாம் என்று தீயோர் அறிவர். தீயோர் அறிந்த இவ்வுண்மையை நல்லோராகிய நாம் அறியாதிருத்தல் நன்றோ? எரிந்த கடையை மீண்டும் திறந்த வணிகனும், அவனிடம் மறுநாளே பொருள் வாங்கச் சென்ற அயலவனும் செய்த நகர்ப் புதுப்பித்தலே முதலாவது புதுப்பித்தல்.

வட்டபுளுவ தரும் பாடம்

டேவியின் படை அழிந்த வட்டபுளுவத் துறைக்கு மீண்டும் செல்வோம். 1950களின் பிற்பகுதியில் அங்கே அரசாங்க ஊழியர்க்கென ஒரு வீடமைப்புத் திட்டம் உருவாயிற்று. அதனை வகுத்தவர் மின்னெட் டி சில்வா. கண்டியில் 1918 இற் பிறந்த இப்பெண்மணி, 1948 இல் பிரித்தானிய அரச கட்டிடக் கலைஞர் கழகத்தின் துணை உறுப்பினரானவர். ஆசியப் பெண்களுள் அப்பேறு பெற்ற முதல்வர். இரு நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அத்திட்டத்தை வரைவதற்கு முன், குடியிருக்கப்போகும் பல இன, பல சமயக் குடும்பங்களிடம் வினாத்தாள் கொடுத்து, அவர்தம் தேவையையும் வழக்கத்தையும் கேட்டறிந்தார். ஒருவர்க்குச் சமையலறை ஒருவிதம் வேண்டும். மற்றொருவர்க்கு வழிபாட்டுக்கு ஓரிடம் வேண்டும். மலைச்சரிவை வெட்டிச் சமமாக்காது, சரிவுக்கு இசைய வீடுகளை அமைத்தார்.

வாவியை வெட்டுவித்த மன்னன் மக்களைக் கேட்கவில்லை. வீட்டை வரைந்த மாதரசி கேட்டார். நம் சூழ்நகரங்களைப் புதுப்பிக்க முனைவோர்க்கு இரு வழிகளும் திறந்துள்ளன. நாம் வேண்டுவது இரண்டாம் வழியையே. கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் நாற்பது ஆண்டுகள் வெற்றிலை விற்ற மூதாட்டியைக் கேளாது அச்சந்தையைப் புதிதாகக் கட்டலாமோ? தோட்டத்திலிருந்து முதற் பஸ்ஸில் வருவோர் எங்கே இறங்கி, எங்கே நிழலில் நிற்பர் என்று ஆராயாது கம்பளையின் நிலையத்தை வரையலாமோ?

சரிவையும் ஆற்றையும் மதித்தல் வேண்டும் என்ற பாடம் அண்மையில் கண்ணீரோடு நினைவூட்டப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டன. மகாவலி பெருகிக் கம்பளைக் கடைத்தெருவுக்குள் புகுந்தது. ஆற்றங்கரை நமக்குப் பட்டினத்தைத் தந்தது. ஆற்றின் இடத்தை நாம் பறித்தால் தந்ததை அது திரும்பக் கேட்கும். புதிய கட்டிடம் எங்கே எழ வேண்டும் என்பதோடு, எங்கே எழலாகாது என்பதையும் சட்டமும் மனச்சாட்சியும் சேர்ந்து வரையறுக்க வேண்டும்.

இளைஞர் கடமை

மாநகர சபையும், நகர சபைகளும், பிரதேச சபைகளும் தனித்தனி எல்லைக்குள் நின்று திட்டம் தீட்டுகின்றன. பஸ்ஸுக்கும் புகைக்கும் வெள்ளத்துக்கும் எல்லைக்கல் இல்லை. எல்லாச் சபைகளும் ஒருங்கிருந்து திட்டமிடுதல் பெரியோர் செய்ய வேண்டிய பணி. அவர்களுக்குத் துணையாக இளைஞர் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு; அதற்குப் பணமும் வேண்டியதில்லை, பதவியும் வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் இருவர் மூவராகச் சேர்ந்து, ஒவ்வொரு சூழ்நகரத்தின் கடைத்தெருவிலும் முதியோரை அணுகி, எந்தக் கடை எப்போது தோன்றிற்று, யார் நடத்தினர், எப்போது எரிந்தது, எப்போது மீண்டது, சந்தை எந்நாளிற் கூடியது என்பனவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். தமிழரிடம் மட்டுமன்றிச் சிங்களவரிடமும் முஸ்லிம்களிடமும் கேட்போம். அவரவர் மொழியிலேயே கேட்போம். இலங்காதிலகப் பாறை இரு மொழியிற் பேசுகிறது. நாம் ஒரு மொழியோடு நின்றுவிடுதல் அதற்கும் குறைவாகும்.

அவ்வாறு தொகுத்த ஏடு ஒவ்வொரு சபையின் மேசையிலும் இருக்குமாயின், நாளை வரைபடத்தோடு வருவோர் அவ்வேட்டைப் புரட்டாமல் கோடு இழுக்க மாட்டார்கள். நீருள் மறைந்த தெல்தெனியவைப் பற்றிக் கரையில் நின்று பேசும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்லத் தயாராக இருக்கின்றனர். கேட்பதற்கு நாம் செல்ல வேண்டும்.